உற்பத்தி நின்றுபோன கேமிங் மதர்போர்டு: சரியான மாற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று கறுத்துப்போனது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் எழவே இல்லை. பழுது பார்ப்பவர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். அந்த மாடலைத் தேடினால், அதன் உற்பத்தியை நிறுத்தி நாலைந்து வருடம் ஆகிவிட்டது. புதியவர்கள் கலங்கிப்போவது இந்த இடத்தில்தான். அதே பெயர், அதே எண் உள்ள போர்டை வாரக்கணக்கில் தேடுவார்கள். கடைசியில் யாரோ கழற்றி விற்ற பழைய போர்டை அதிக விலை கொடுத்து வாங்குவார்கள்.

அவ்வளவு சிரமப்படத் தேவையில்லை. அதே மாடல்தான் வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. உங்கள் பிராசஸர் உட்காரும் சாக்கெட், அதை அடையாளம் கண்டுகொள்ளும் சிப்செட்டும் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) பயாஸும் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்), உங்கள் ரேம் பொருந்தும் ஸ்லாட், கேபினெட்டுக்குள் அடங்கும் அளவு ஆகியவை ஒத்துப்போனால் வேறு நிறுவனத்தின் போர்டும் நன்றாகவே வேலை செய்யும். ஏசஸ் போர்டில் இருந்த பிராசஸரையும் ரேமையும் எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஏஎஸ்ராக் போர்டுகளில் தாராளமாகப் போடலாம். ஆகவே "என் போர்டு எங்கே கிடைக்கும்" என்று தேடுவதை விட்டுவிட்டு, "என்னிடம் மிஞ்சியிருப்பவை எந்தப் போர்டில் உட்காரும்" என்று கேட்கத் தொடங்குங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

முதலில், போனது போர்டுதானா?

காசு செலவழிப்பதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். போர்டு போய்விட்டது என்று நானும் ஒருமுறை முடிவு கட்டி, மாற்றுப் போர்டுகூடப் பார்த்து வைத்துவிட்டேன். கடைசி முயற்சியாக, கேபினெட்டின் பவர் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் சின்ன ஒயரைப் பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டேன். மின்விசிறிகள் சுற்றின, திரை வந்தது. பழுதானது அந்தப் பட்டன் மட்டுமே. போர்டுக்கு ஒரு குறையும் இல்லை.

அதனால் இந்த வரிசையில் பாருங்கள். பவர் பட்டனைச் சோதியுங்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் புதியது போடுங்கள். பயாஸ் அமைப்புகள் அழிந்து ஆரம்ப நிலைக்கு வரும். ரேமில் ஒரு குச்சியை மட்டும் வைத்து, ஸ்லாட் மாற்றி மாற்றி முயலுங்கள். பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரைப் போர்டின் போர்ட்டில் செருகிப் பாருங்கள். பல கேமிங் போர்டுகளில் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, கோளாறு அந்தப் பக்கம்.

எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) முடிந்தால் வேறொன்று கடன் வாங்கிச் சோதியுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் இணைத்து, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது பழக்கத்தில் உள்ள வழிதான். ஆனால் ஃபேன் சுற்றினாலே எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கேம் ஓடும்போது தேவைப்படும் மின்சாரத்தை அதனால் தாங்க முடியாமல் போகலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அசைவு இல்லை, அல்லது போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கெபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறது, கருகிய வாசனை வருகிறது என்றால் சரி, போர்டுதான்.

கையில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து, மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரையும் எழுதுங்கள். பிராசஸரின் பெயர் அதன் உலோக மூடியின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். கூலருக்கும் அதற்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்தால்தான் தெரியும். பழைய பில் இருந்தால் இன்னும் சுலபம். பழைய போர்டின் பெயர் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுகளுக்கு நடுவிலோ ரேம் பக்கமாகவோ பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ஓர் ஓரத்தில் "ரிவிஷன் 1.0" என்பதுபோலச் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வந்த போர்டு, ரிவிஷன் மாறும்போது உள்ளுக்குள் கொஞ்சம் வேறாக இருப்பது உண்டு. கம்ப்யூட்டர் இன்னும் விட்டுவிட்டு ஓடுகிறது என்றால், விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால் போர்டின் பெயரும் பயாஸ் பதிப்பும் அங்கேயே கிடைக்கும்.

இதோடு நீங்கள் தினமும் பயன்படுத்தும் வசதிகளையும் எழுதுங்கள்: எத்தனை எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் செருகுவது), எத்தனை சாட்டா டிரைவ் (ஒயரில் இணைப்பது), வைஃபை போர்டிலேயே இருந்ததா, பின்பக்கம் எத்தனை யூஎஸ்பி தேவை. வைஃபையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். போர்டு வந்து சேர்ந்த அன்றுதான் நினைவு வரும்.

சாக்கெட்டும் சிப்செட்டும்: தவறு நடக்கும் இடம்

சாக்கெட் பொருந்தாவிட்டால் பிராசஸர் உட்காரவே உட்காராது. ஆனால் சாக்கெட் பொருந்திவிட்டதாலேயே வேலை செய்யும் என்றும் சொல்ல முடியாது. புதியவர்கள் பணத்தை இழப்பது இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

இன்டெல்லில் இதற்குச் சிறந்த உதாரணம் எல்ஜிஏ 1151. 2015இல் வந்த ஆறாம் தலைமுறை, 2017இல் வந்த ஏழாம் தலைமுறை, பிறகு எட்டு, ஒன்பது என நான்கு தலைமுறைக்கும் பெயர் ஒன்றே: எல்ஜிஏ 1151. ஆனால் ஆறும் ஏழும் 100, 200 வரிசைச் சிப்செட்டுகளுக்கானவை. எட்டும் ஒன்பதும் எச்310, பி360, பி365, எச்370, இசட்370, இசட்390 ஆகிய 300 வரிசைக்கு மட்டும். ஐ7 8700கே பிராசஸரை இசட்270 போர்டில் வைத்தால் அழகாக உட்காரும், கம்ப்யூட்டர் மட்டும் எழாது. விற்பவர் "1151 போர்டு" என்று சொல்வதை நம்பி வாங்கிவிடாதீர்கள்; சிப்செட் பெயரைக் கேளுங்கள்.

இன்டெல்லின் மற்ற சாக்கெட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1155. நான்காம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1150. பத்து, பதினொன்றுக்கு எல்ஜிஏ 1200. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்குக்கு எல்ஜிஏ 1700. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851.

எல்ஜிஏ 1200இல் ஒரு சிக்கல் உண்டு: பி460, எச்410 போர்டுகள் பெரும்பாலும் பதினொன்றாம் தலைமுறையை ஏற்காது. அடுத்து வந்த பி560 போர்டில் பத்தாம் தலைமுறைப் பிராசஸரைப் போட்டால் ஓடும். ஆனால் பிராசஸருக்கு அருகில் இருக்கும் முதல் எம்.2 ஸ்லாட் வேலை செய்யாது. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பயந்துவிடாமல் அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள்.

எல்ஜிஏ 1700இல் கவனிக்க வேண்டியது ரேம். ஒரே பி660 அல்லது பி760 சிப்செட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பல மாடல்களில் கடைசியில் வரும் "டி4" மட்டும்தான் வித்தியாசம். இரண்டுக்கும் 288 பின் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்று மற்றொன்றில் ஏறாது. இன்னொன்று: பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைப் பிராசஸர்கள் சிலவற்றில் அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நாளடைவில் கோளாறு வந்ததை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024இல் அதற்கான மைக்ரோகோடை (பிராசஸரின் உள் மென்பொருள் திருத்தம்) போர்டு நிறுவனங்கள் வழியாக வெளியிட்டது. அந்தப் பிராசஸர் உங்களிடம் இருந்தால், மாற்றுப் போர்டில் புதிய பயாஸை ஏற்றிவிட்டுத்தான் கேம் பக்கம் போக வேண்டும். கேம்கள் காரணமில்லாமல் நின்றுபோவதுதான் அந்தக் கோளாறின் அடையாளமாகவும் இருந்தது. ஆகவே போனது போர்டா, பிராசஸரா என்பதையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை பல மடங்கு மேல். 2017இல் முதல் ரைசன் வந்தபோது இருந்த அதே ஏஎம்4 சாக்கெட்தான் ரைசன் 5000 வரிசை வரைக்கும். எனவே ஏஎம்4 போர்டு போனால் பதறவே வேண்டாம். அதே மாடல் இல்லாவிட்டாலும் பொருந்தும் வேறு போர்டு கிடைக்கும். ஆனால் இங்கேயும் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பி550 போர்டு அதிகாரபூர்வமாக ரைசன் 3000 முதல்தான் ஏற்கும். ரைசன் 5 1600, 2600 வைத்திருப்பவர்கள் பி450 பக்கம் போவது நல்லது. பி550 விஷயத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ரைசன் 3 3200ஜி, ரைசன் 5 3400ஜி இரண்டும் பெயரில் 3000 என்றிருந்தாலும் உள்ளே இருப்பது முந்தைய தலைமுறைக் கட்டமைப்பு. எனவே அவை பி550இன் பட்டியலில் கிடையாது.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தப் போர்டுக்கென்றே இருக்கும் பிராசஸர் ஆதரவுப் பட்டியல். உங்கள் பிராசஸரின் பெயருக்கு நேரே எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று போட்டிருப்பார்கள். கடையில் வருடக்கணக்கில் கிடந்த போர்டில் பழைய பயாஸ்தான் இருக்கும். பிராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் சில போர்டுகளில் உண்டு. இரண்டு போர்டுகளுக்கு நடுவே தடுமாறினால், நான் அந்தப் பட்டன் உள்ளதைத்தான் எடுப்பேன். அது இல்லையென்றால், பயாஸைப் புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லி விற்பவரிடமே கேளுங்கள்.

சிப்செட்டில் இறங்கி வரும்போது எதை இழக்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இன்டெல்லில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்ட, பெயர் இசட் என்று தொடங்கும் சிப்செட்டும் பெயரில் கே உள்ள பிராசஸரும் வேண்டும். 300 வரிசையில் ரேம் வேகத்துக்கும் இதே கட்டுப்பாடுதான்: இசட்390இல் 3200 வேகத்தில் ஓடிய ரேம், பி365இல் 2666க்கு மேல் போகாது. ஏஎம்டியில் பி வரிசையிலேயே ஓவர்கிளாக் உண்டு. ஏ320, ஏ520 ஆகியவற்றில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. நீங்கள் ஓவர்கிளாக்கே செய்ததில்லை என்றால் இசட் போர்டுக்கு அலைய வேண்டாம். நல்ல பி போர்டு போதும்.

பிராண்டட் கேமிங் கம்ப்யூட்டர் என்றால்

முழுதாகப் பூட்டி விற்கப்படும் பிராண்டட் கம்ப்யூட்டர்களில் சில, தங்களுக்கென்றே செய்த போர்டைப் பயன்படுத்துகின்றன. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வழக்கமான 24 பின் கனெக்டர் வராது. வேறு வடிவத்தில் சின்னதாக இருக்கும். ஸ்க்ரூ துளைகளின் இடமும் மாறியிருக்கும். யூஎஸ்பி போன்ற போர்ட்டுகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகடு கேபினெட்டோடு சேர்ந்தே வந்திருக்கும். முன்பக்கப் பட்டன் ஒயர்கள் ஒரே கட்டாக, அந்த நிறுவனத்தின் சொந்த ஒழுங்கில் இருக்கும்.

கேபினெட்டைத் திறந்து முதலில் அந்த 24 பின் கனெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போர்டோடு எஸ்எம்பிஎஸ், கேபினெட் இரண்டும் சேர்த்து மாற்றும் கணக்குத்தான் போட வேண்டும். மாற்றுக் கேபிள் வாங்கி ஒட்டவைக்கும் வழிகளும் உண்டு. ஆனால் கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில், அதுவும் புதியவர்கள், அந்த வழியில் போவதை நான் விரும்பமாட்டேன். பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி ஆகியவை பெரும்பாலும் சாதாரணப் பாகங்கள்தான். அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அளவு, கூலர், ஒயர்கள்

ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. பெரிய கேபினெட்டில் சின்னப் போர்டு உட்காரும்; சின்னதில் பெரியது ஏறாது. ஏடிஎக்ஸ் மாடல் கிடைக்கவில்லை என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸில் தேடத் தயங்காதீர்கள். கேம் வேகத்துக்கும் போர்டின் நீள அகலத்துக்கும் தொடர்பில்லை. கிராபிக்ஸ் கார்டு தடிமனானது என்றால், அதற்குக் கீழே இருக்கும் ஸ்லாட்டுகள் மறைந்துவிடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கூலரைப் பொறுத்தவரை, எல்ஜிஏ 1155 முதல் 1200 வரை நான்கு துளைகளுக்கும் இடைவெளி 75 மில்லிமீட்டர்தான். எல்ஜிஏ 1700இல் அது 78 ஆகிவிட்டது. பழைய கூலரை அதில் போட வேண்டுமானால் கூலர் நிறுவனம் தரும் தனிப் பிடிமானம் தேவை. ஏஎம்4இலிருந்து அதற்கு அடுத்த ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பழைய கூலரே போதும். ஆனால் ஏஎம்5 போர்டில் சாக்கெட்டுக்குப் பின்னால் கூலரைப் பிடிக்கும் பின்தகடு கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டது. தன் சொந்தப் பின்தகடு கேட்கும் கூலர்கள் அதில் உட்காராது.

போர்டின் மேல் ஓரத்தில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் இணைப்பு இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8 பின் ஒயரும் பார்வைக்கு அதே மாதிரிதான். உள்ளே மின்சாரம் போகும் ஒழுங்கு நேர்மாறு. கனெக்டரின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். ஏறவில்லை என்றால் அழுத்தாதீர்கள். வண்ண விளக்குகளிலும் இதே எச்சரிக்கை: 4 பின் என்றால் 12 வோல்ட், 3 பின் என்றால் 5 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் கொடுத்தால் விளக்கு கருகிவிடும். பழைய போர்டில் எது இருந்தது, புதியதில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா வகை, அதைவிட வேகமான என்விஎம்இ வகை என இரண்டு உண்டு. சில ஸ்லாட்டுகள் என்விஎம்இயை மட்டுமே ஏற்கும். ஒரு எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும் போர்டுகளும் நிறைய. போர்டின் கையேட்டில் இதற்கென்று ஓர் அட்டவணை இருக்கும். வாங்குவதற்கு முன்பே அதை இறக்கிப் படியுங்கள்.

பிராசஸர் வலுவானதாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள மின்சுற்றுக்கு, அதாவது விஆர்எம்முக்கு, சூட்டை இறக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க் இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். 65 வாட் பிராசஸருக்கு எளிய போர்டு போதும். எட்டுக்கு மேல் கோர்கள் உள்ள, 105, 125 வாட் பிராசஸரை ஹீட்சிங்க் இல்லாத மலிவுப் போர்டில் வைத்தால், நீண்ட நேரம் கேம் ஓடும்போது சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பழைய போர்டு வாங்குகிறீர்களா?

உற்பத்தி நின்ற சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் பயன்படுத்திய போர்டுதான் வழி. நேரில் பார்த்து வாங்குங்கள். இன்டெல் போர்டில் சாக்கெட்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய பின்கள் இருக்கும். போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, போர்டை மெதுவாகத் திருப்பிக்கொண்டே பாருங்கள். எல்லாப் பின்களும் ஒரே கோணத்தில் சாய்ந்து, வெளிச்சம் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் ஒளி தடுமாறினால் அங்கே ஒரு பின் வளைந்திருக்கிறது. பிறகு திசை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். முதல் முறையில் தெரியாதது இரண்டாவதில் தெரியும். சாக்கெட்டுக்குப் பிளாஸ்டிக் மூடி போடாமல் அனுப்புகிறேன் என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

அப்புறம், ஓடிக் காட்டச் சொல்லுங்கள். எல்லா ரேம் ஸ்லாட்டிலும் ரேம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்க ஸ்லாட்டுகள் மட்டும் செத்துப்போன போர்டுகள் விற்பனைக்கு வருவது சகஜம். பின்பக்கத் தகடு சேர்த்துத் தருகிறாரா என்று கேளுங்கள். தகடு தொலைந்துவிட்டால் தனியாகக் கிடைப்பது கடினம்.

பழைய சாக்கெட்டுக்குப் புத்தம் புதிய போர்டு என்று, கேள்விப்படாத பெயர்களிலும் விற்கிறார்கள். பழைய போர்டுகளிலிருந்து எடுத்த சிப்செட்டை வைத்துச் செய்தவை இவற்றில் உண்டு. அலுவலக வேலைக்கு ஓடலாம். பயாஸ் புதுப்பிப்பு கிடைக்குமா, பிராசஸர் பட்டியல் வெளியிட்டிருக்கிறார்களா என்று பார்த்து, இரண்டும் இல்லையென்றால் கேமிங்குக்குத் தவிர்த்துவிடுங்கள். நான் அதைவிடப் பெரிய நிறுவனத்தின் பயன்படுத்திய போர்டைத்தான் நம்புவேன்.

பழைய சாக்கெட்டிலேயே இருப்பதா, மாறுவதா?

உங்களிடம் எல்ஜிஏ 1155 அல்லது 1150 பிராசஸர் இருந்தால், அதற்குப் போர்டு தேடிச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதிகபட்சம் நான்கு கோர், டிடிஆர்3 ரேம். விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலிலும் அவை இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தப் பணத்தைப் புதிய போர்டு, பிராசஸர், ரேம் மூன்றுக்கும் முன்பணமாக நினைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, கேபினெட் ஆகியவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்; எஸ்எம்பிஎஸ் மிகப் பழையதென்றால் அதையும் மாற்றிவிடுங்கள்.

எட்டாம், ஒன்பதாம் தலைமுறை இன்டெல் என்றால் நடுவாந்தரம். என் கணக்கு இதுதான்: பழைய சாக்கெட் போர்டின் விலை, புதிதாகப் போர்டு, பிராசஸர், ரேம் மூன்றும் வாங்க ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் மாறிவிடலாம். குறைவாகக் கிடைத்தால் வாங்கி இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

ஏஎம்4காரர்கள் மாற வேண்டியதில்லை. ரைசன் 5 3600, பி350 போர்டு. போர்டு போய்விட்டது என்று வையுங்கள். ஒரு பி550 போர்டு வாங்கினால் பிராசஸர், டிடிஆர்4 ரேம், கூலர் மூன்றும் அப்படியே வந்துவிடும். எஸ்எஸ்டியையும் கிராபிக்ஸ் கார்டையும் போர்டோடு இணைக்கும் பாதையில் பிசிஐஇ 4.0 வேகமும் கூடுதலாகக் கிடைக்கும். பிறகு கை வசதிப்படும்போது 5000 வரிசையில் ஒரு பிராசஸர் போட்டுக்கொள்ளலாம். முழுதாக மாறுவது என்று முடிவு செய்தால் ஏஎம்5 நல்ல இடம். 2022இல் வந்தது, டிடிஆர்5 மட்டும் ஏற்கும், ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைப் பிராசஸர்கள் ஏற்கனவே அதில் ஓடுகின்றன.

கழற்றும் முன் விண்டோஸ் வேலை

விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கர் பற்றித் தெரியாமல் போர்டை மாற்றியவர்கள் பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரியும். டிரைவ் பூட்டப்பட்டிருந்தால் அதன் சாவி பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்போடு கட்டப்பட்டிருக்கும். புதிய போர்டில் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். நீங்கள் பூட்டியதாக நினைவே இல்லாவிட்டாலும் விண்டோஸ் தானாகப் பூட்டியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் பெரும்பாலும் அங்கே இருக்கும். பழைய கம்ப்யூட்டர் எழாவிட்டாலும் போனிலேயே பார்க்கலாம். தாளில் எழுதிவைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும்.

கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அந்தப் போர்டோடு பிணைந்தது. தனியாக வாங்கிய உரிமத்தைப் புதிய போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு சங்கடம்: பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிரைவ் முறையில் நிறுவப்பட்டிருந்தால், புதிய போர்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை மட்டுமே ஏற்கும்போது பூட் ஆகாது. வேலோரன்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0வும் செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பு வசதியும் கேட்கின்றன. ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவதுதான் எப்போதும் நிம்மதி.

பூட்டும் நாள்

ஏஎம்4 பிராசஸரில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். கூலரை நேராக இழுத்தால், காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். ஓடும் கம்ப்யூட்டர் என்றால் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கலாம். செத்த போர்டில் அது முடியாது. ஹேர் டிரையரால் கூலரின் அடிப்பகுதியை மிதமாகச் சூடாக்குங்கள். பிறகு இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்த பின் தூக்குங்கள்.

கேபினெட்டில் புதிய போர்டின் துளைகளுக்கு நேரே மட்டும் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சின்ன உலோகத் தூண்) இருக்க வேண்டும். ஏடிஎக்ஸிலிருந்து மைக்ரோ ஏடிஎக்ஸுக்கு மாறினால் மிஞ்சும் ஸ்டாண்ட்ஆஃப்களைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவை போர்டின் அடியில் பட்டு ஷார்ட் ஆகும்.

கேபினெட்டுக்குள் வைக்கும் முன், போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ரேம் மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். போர்டைச் சுற்றி வந்த பளபளப்பான கவரின் மேல் வைக்க வேண்டாம். அதன் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டையும் செருகி, மானிட்டரைக் கார்டில்தான் இணைக்க வேண்டும். பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களும், ஏஎம்4இல் எண்ணுக்குப் பின் ஜி என்ற எழுத்து வராத ரைசன்களும் அப்படிப்பட்டவை. டிடிஆர்5 போர்டு முதல்முறை எழும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாக இருக்கிறதே என்று பவரை அணைத்துவிடாதீர்கள்.

எல்லாம் வந்த பிறகு கேபினெட்டில் பூட்டுங்கள். இரண்டு ரேம் குச்சிகள் இருந்தால், நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள். இயக்காவிட்டால் ரேம் அதன் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் வழக்கமாக விளையாடும் கேமை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிராசஸரின் சூட்டைப் பாருங்கள். அதுவரை கேபினெட்டின் பக்கக் கதவைப் பூட்டாமல் சும்மா சாத்தி மட்டும் வையுங்கள். ஏதாவது ஒரு ஒயரை மறுபடி தொட வேண்டியிருக்கும்.